மின்மினி ஆட்டத்துக்குப் பற்றறி

பாலேஸ்வரி ரீச்சர் வாய்விட்டுச் சிரிப்பது அருமை. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், தன் வீட்டின் முன்பாதியைப் பாலர் பாடசாலையாக்கி அவர் நடத்தத் தொடங்கிய நாள் முதல் கூடவே இருப்பவள் நேசமலர். அவளே அந்தச் சிரிப்பை எப்போதாவதுதான் கேட்டிருக்கிறாள். அன்று பிள்ளைகள் களிமண் உருட்டிக்கொண்டிருந்த நேரம் ரீச்சரின் அறையிலிருந்து அது வந்தது. கையைக் கழுவாமலே நேசமலர் போய் எட்டிப் பார்த்தாள்.

யன்னல்களைச் சாத்திவிட்டு, அந்த அரை இருட்டில், புளோறன்ஸ் தன் கொண்டையைச் சுற்றி ஒரு மெல்லிய வயரைக் கட்டிக்கொண்டு நின்றாள். வயர் நெடுக நெல்மணி அளவில் சின்னச் சின்ன லைற்றுகள். அவள் தலையை ஆட்ட ஆட்ட அவையும் மினுங்கின.

“நேசா, இஞ்சை வந்து பாரும்,” என்றார் ரீச்சர், கண்ணோரத்தைத் துடைத்தபடி. “இவள் மின்மினியாய் மாறிட்டாள்.”

இவள் என்ற சொல்தான் நேசமலரின் காதில் தங்கியது. ஒன்பது வருடத்தில் ஒரு தடவைகூட ரீச்சர் தன்னை அப்படிச் சொன்னதில்லை. எப்போதும் நேசா, நீர், உமக்கு. ஆட்களிடம் பேசினால் “எங்கட நேசமலர் ரீச்சர்.” மரியாதைதான், குறை சொல்ல முடியாது. ஆனால் ‘இவள்’ என்பது பெற்ற பிள்ளையைச் சொல்வது மாதிரி. புளோறன்ஸ் வந்து இன்னும் இரண்டு வருடம்கூட ஆகவில்லை.

புளோறன்ஸ் கொட்டாஞ்சேனைப் பிள்ளை. இருபத்தாறு வயது. சிங்களம் தண்ணீர்பட்டபாடு. கீபோட் வாசிப்பாள். அழுகிற பிள்ளையைத் தூக்கினால் அது அழுகையை மறந்து அவளுடைய தோட்டைப் பிடித்து விளையாடும். நேசமலர் தூக்கினாலும் அழுகை நிற்கும்தான், ஆனால் அது வேறு மாதிரி நிற்கும். அது அவளுக்கே தெரியும்.

லைற்றுகள் இத்தாலியிலிருந்து வந்தவை. அங்கே வேலை செய்யும் புளோறன்ஸின் தமையன், நத்தாருக்குப் பாலன் குடிலில் போடச் சொல்லிப் போன வருடம் ஒரு பெட்டி நிறைய அனுப்பியிருந்தான். ஒவ்வொரு லைற்றுக் கொடிக்கும் ஒரு தீப்பெட்டி அளவுக் கூடு. அதற்குள் பென்ரோச்சுக்குப் போடும் சின்னப் பற்றறி இரண்டு போட்டால் எரியும். கரண்ட் தேவையில்லை.

கரண்ட் தேவையில்லை என்பதுதான் அந்த வருடம் பெரிய விஷயம். தொண்ணூற்றாறாம் ஆண்டு. மலையில் மழை இல்லை. நீர்த்தேக்கங்கள் வற்றி, நாடு முழுக்க முறைவைத்துக் கரண்டை வெட்டிக்கொண்டிருந்தார்கள். பாலர் பாடசாலையின் கலைவிழா ஞாயிறு பின்னேரம். சரியாக விளக்கு வைக்கிற நேரத்தில்தான் அந்தப் பகுதியின் முறை. பெற்றோர் சிலர் விழாவைத் தள்ளிப் போடச் சொன்னார்கள். நேசமலர் பெற்றோமக்ஸ் எடுப்போம் என்றாள். புளோறன்ஸ் மட்டும் வேறு ஒன்று சொன்னாள்.

“இருட்டு வரட்டும் ரீச்சர். அந்த இருட்டுக்குள்ளயே கடைசி ஆட்டத்த வைப்பம். பன்னெண்டு பிள்ளைகளுக்கு நெற்றுத் துணியில செட்டை தைச்சு, செட்டையில இந்த லைற்றைச் சுத்தி விட்டா, மின்மினி ஆட்டம். மண்டபத்தில வேற ஒரு வெளிச்சமும் வேணாம்.”

வருடா வருடம் விழாவை முடிப்பது நேசமலரின் கும்மி. அவள்தான் பாட்டுக் கட்டுவாள், அடவு சொல்லிக் கொடுப்பாள். கடைசிக் கைதட்டல் அவளுடையது. ரீச்சர் அவளைப் பார்த்தார்.

“கும்மியை முன்னுக்குப் போடுவமே நேசா. வெளிச்சம் இருக்கேக்கை ஆடட்டும். என்ன சொல்லுறீர்?”

“ஓம் ரீச்சர். அதுக்கென்ன,” என்றாள் நேசமலர். வேறு என்ன சொல்வது?

அதன் பிறகுதான் பற்றறிப் பேச்சு வந்தது. எந்தப் பற்றறி, எங்கே வாங்குவது, எவ்வளவு நேரத்துக்கு நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. இத்தாலியிலிருந்து வந்த பெட்டியில் பற்றறி இருக்கவில்லை. அன்று மினுங்கியது ரீச்சரின் ரேடியோவிலிருந்து கழற்றிப் போட்டது.

“அந்த வேலையை நேசாவிட்டை விடுவம்,” என்றார் ரீச்சர். “அவ எதையும் அவதி அவசரத்திலை செய்யமாட்டா. பாத்து எடுப்பா.”

ஒரு கணம் நேசமலருக்குச் சந்தோசமாக இருந்தது. உடனே புளோறன்ஸ், “ஓம் ரீச்சர், நேசாக்காதான் சரி. நான் எண்டா கண்ணில பட்டதத் தூக்கிக்கொண்டு வந்துருவன்,” என்றாள். அவ்வளவுதான், அந்தச் சந்தோசமும் புளோறன்ஸ் எடுத்துத் தந்த பொருள் மாதிரி ஆகிவிட்டது.

காலி வீதியில் மஜீட் நானாவின் மின்சாமான் கடைக்கு நேசமலர் அன்று பின்னேரமே போனாள். பாடசாலைக்குப் பல்ப், பிளக் எல்லாம் அங்கேதான் வாங்குவது. அவள் கேட்டதும் மஜீட் நானா கடை வாசலை ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“இருவத்திநாலா? என்னத்துக்கு ரீச்சர் இவ்வளவு?”

“பிள்ளையளின்ர டான்ஸுக்கு நானா. செட்டையிலை லைற் கட்டப்போறம்.”

“எனக்குத் தெரியும், நீங்க பள்ளிக்கூடத்துக்குத்தான் கேக்கிறீங்க. ஆனா தெஹிவளையில ரெயில் வெடிச்சு இன்னம் ஒரு மாசம் ஆகல்ல. வயரும் பற்றறியும் பல்பும் ஒண்டா ஒரு தமிழாள்ட பேக்ல ஈந்தா, பாக்கிறவன் என்னத்த நினைப்பான்? எடுத்திட்டுப் போற நேரம் தனிய ஒராள் போகவேணாம். கேட்டா கதை சொல்ல ரெண்டு பேராவது ஈக்கணும்.”

பிறகு கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து இரண்டு சாதியை எடுத்து வைத்தார். ஒன்று சிவப்பு உறை போட்ட சாதாரணப் பற்றறி. மற்றது கறுப்பும் பொன்னுமான உறை. கையில் எடுத்தால் பாரம் தெரியும்.

“சிவப்பு சும்மா மணிக்கூட்டுக்குப் போடுறது. மெல்ல மெல்ல இழுக்கிற சாமானுக்கு அது காணும். இந்த லைற் பல்ப் வெச்சது, கூட இழுக்கும். கறுப்புத் தாங்கும். விலையும் அப்பிடித்தான். வேணுமெண்டா ரெண்டுலயும் ஒவ்வொரு சோடி கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்க.”

நேசமலர் இருந்தது பத்மாவதி என்ற ஒரு ஓய்வுபெற்ற தபால்கந்தோர்க்காரியின் வீட்டில், ஒரு அறை எடுத்து. தாயும் தகப்பனும் யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்து வன்னியில் எங்கேயோ இருந்தார்கள். எங்கே என்று கடைசியாகத் தெரிந்து பல மாதமாகிவிட்டது. கொழும்பில் அவளுக்கென்று இருந்தது அந்த அறையும் பாலேஸ்வரி ரீச்சரும்தான்.

கரண்ட் போனதும் அறைக் கதவைச் சாத்திவிட்டு, இரண்டு கொடியை எடுத்துக் கட்டிலின் தலைமாட்டுச் சட்டத்தில் பக்கம் பக்கமாகச் சுற்றினாள். ஒன்றுக்குச் சிவப்பு, மற்றதுக்குக் கறுப்பு. இரண்டும் ஒரே மாதிரி எரிந்தன. பத்மாவதி மெழுகுதிரியோடு வந்து எட்டிப் பார்த்து, “வடிவாய்க் கிடக்கு,” என்று சொல்லிவிட்டுப் போனா. நேசமலர் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். சிவப்புப் போட்ட கொடி கொஞ்ச நேரத்தில் மஞ்சள் பூசியது போலாயிற்று. ஒரு தேத்தண்ணி வைத்துக் குடித்துவிட்டு வந்து பார்த்தபோது அது ஊதுபத்தி நுனியளவுக்குச் சிவந்து கிடந்தது. பிறகு அதுவும் இல்லை. கறுப்புப் போட்டது அசையாமல் எரிந்தது.

அவளுக்கு மேடை தெரிந்தது. இருட்டு மண்டபம். பன்னிரண்டு பிள்ளைகள் திரைக்குப் பின்னால் நேரத்தோடு லைற்றைப் போட்டுக்கொண்டு வரிசையில் நிற்கும். பேச்சுகள் நீளும், வழக்கமாக நீளும்தான். பிறகு பிள்ளைகள் மேடைக்கு வரும்போது மஞ்சளாய் வரும். ஆட்டம் பாதியில் ஒவ்வொன்றாய் மங்கும். கீபோட்டுக்கு முன்னால் இருக்கும் புளோறன்ஸுக்கு என்ன செய்வதென்று தெரியாது. இருட்டுக்குள் யாராவது ஒருவர் பெற்றோமக்ஸைக் கொண்டுவரச் சொல்லுவார்கள். அந்தக் குரல் பாலேஸ்வரி ரீச்சருடையதாக இருக்கும். “நேசா” என்றுதான் கூப்பிடுவார்.

அப்படி நினைத்தபோது வெட்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வெயிலுக்குள் அலைந்துவிட்டுத் தண்ணீர் குடித்தது போல நெஞ்சுக்குள் குளிர்ந்தது.

அடுத்தநாள் ரீச்சர் கேட்டார். “என்ன நேசா, எது நல்லது?”

“போட்டுப் பாத்தனான் ரீச்சர். ரெண்டும் ஒண்டுதான். சும்மா கூடக் குடுத்து வாங்கத் தேவையில்லை.”

சொல்லும்போது குரல் பிசகவில்லை. புளோறன்ஸ் பக்கத்தில் நின்று நெற்றுத் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். “நேசாக்கா பாத்தா சரி,” என்றாள், நிமிராமலே.

அந்த நம்பிக்கை நேசமலரைக் குத்தவில்லை. எரிச்சல்தான் வந்தது. ஒரு ஆளிடம் ஒரு சந்தேகம்கூட இல்லாமல் எப்படி இருக்க முடியும்? தன்னைப் போட்டியாகக்கூட இவள் நினைக்கவில்லையா? அன்றே போய்ச் சிவப்பில் இருபத்துநாலும் வாங்கினாள். மஜீட் நானா அவளை ஒருமாதிரிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அவள்தானே போட்டுப் பார்த்தவள்.

வெள்ளிக்கிழமை பாடசாலை விட்டதும் இருவரும் புளோறன்ஸ் வீட்டுக்குப் போய், அவளுடைய தாய் றஞ்சிதத்தின் தையல் மெசினில் செட்டைகளைத் தைத்து லைற்றுகளைப் பொருத்துவதாக ஏற்பாடு. ரீச்சர் இரண்டு தரம் சொன்னார். “ரெண்டு பேரும் ஒண்டாய்ப் போங்கோ. ஒண்டாய் வாங்கோ. லைற்றும் பற்றறியும் கிடக்கிற பாக்கைத் தனிய ஒருத்தரும் காவ வேண்டாம்.”

புறப்படும்போது ரீச்சர் குசினிக்குள் போய் ஒரு தகர ரின்னோடு வந்தார்.

“பயத்தம் பணியாரம். விடிய எழும்பிச் சுட்டனான். இதைக் கொம்மாவிட்டைக் குடு,” என்று புளோறன்ஸின் கையில் வைத்தார். அப்படியே அவளுடைய சேலைத் தலைப்பில் கழன்றிருந்த ஊசியைக் கழற்றி, நேராக்கிக் குத்திவிட்டார். “நில்லடி, நெளியாமல்.”

நேசமலர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு அதைப் பார்த்தாள். ரீச்சர் பயத்தம் பணியாரம் சுடுவார் என்பதே அவளுக்குத் தெரியாது. யாழ்ப்பாணத்தில் அவளுடைய அம்மா சுடுவது அது. கொழும்புக்கு வந்த பிறகு அதை அவள் வாயில் வைத்ததில்லை. எத்தனை நாள் ரீச்சரின் முன்னால் இருந்து அதைப் பற்றிக் கதைத்திருப்பாள். கேட்டுக்கொண்டிருந்தவர் சுட்டது கொட்டாஞ்சேனைக்கு.

பஸ் தரிப்பில் நின்றபோது, “எனக்குத் தலையிடிக்குது புளோறன்ஸ். நான் வரேல்லை,” என்றாள்.

புளோறன்ஸ் பாக்கைக் கீழே வைத்துவிட்டு அவளுடைய நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். “காய்ச்சல் இல்ல. வெயிலாக்கும். போய்ப் படுங்க நேசாக்கா, நானும் அம்மாவும் தைச்சிருவம்.”

“தனியப் போவீரோ?”

“நான் போற பாதைதானே. எனக்குச் சிங்களம் தெரியும், சமாளிப்பன்.”

கொட்டாஞ்சேனையால் போகும் மட்டக்குளி பஸ் வந்தது. புளோறன்ஸ் பாக்கை இடுப்பில் அணைத்துக்கொண்டு ஏறினாள். பணியார ரின்னை மற்றக் கையில் பிடித்திருந்தாள். நேசமலர் அறைக்குப் போய், இல்லாத தலையிடிக்கு ஒரு பனடோல் போட்டுக்கொண்டு படுத்தாள்.

பின்னேரம் வாசலில் ஓட்டோ ஒன்று வந்து நின்றது. பத்மாவதி கதவைத் திறந்த சத்தம் கேட்டது. பிறகு பாலேஸ்வரி ரீச்சரின் குரல். நேசமலர் எழுந்து வந்தாள். ரீச்சர் வீட்டில் உடுக்கிற பழைய சேலையோடு நின்றார். கொண்டை அவிழ்ந்து தோளில் கிடந்தது. வெளியே போகும்போது ஒரு மயிர் கலையாத மனுசி அவர்.

“புளோறன்ஸைப் பிடிச்சிட்டாங்கள்,” என்றார். “கொச்சிக்கடைப் பக்கம் பஸ்ஸை மறிச்சு எல்லாரையும் இறக்கிப் பாத்திருக்கிறாங்கள். பாக்குக்குள்ளை வயரையும் பற்றறியையும் கண்டவுடனை பொலிசுக்குக் கொண்டுபோயிட்டாங்கள். றஞ்சிதம் இப்பதான் போன் எடுத்தது.” பிறகுதான் நேசமலரைச் சரியாகப் பார்த்தார். “நீர் அவளோடை போகேல்லையோ?”

“தலையிடி ரீச்சர். பஸ் தரிப்போடை திரும்பீட்டன்.”

ரீச்சர் ஓட்டோப் பக்கம் திரும்பினார். “வெளிக்கிடும். பற்றறி வாங்கினது நீர். எங்கை வாங்கினது, என்னத்துக்கு வாங்கினது எண்டு சொல்ல உம்மை விட்டால் ஆள் இல்லை.”

நேசமலர் அசையாமல் நின்றாள். பயம் வந்தது, அது பொய்யில்லை. அவளுடைய அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம். போன வருடம் அதற்காகவே ஒரு முழு நாள் பொலிசில் இருந்தவள். தானாக நடந்து அந்தப் படியேறுவது யாருக்கும் விருப்பமான காரியம் இல்லை. ஆனால் அந்தப் பயத்துக்கும் அடியில் இன்னொன்று கிடந்தது. அன்று பொலிசுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வரப் போனதும் ரீச்சர்தான். அப்போது அவருடைய கொண்டை அவிழ்ந்திருந்ததா? இல்லை. சேலை மாற்றி, கைப்பை எடுத்து, குடையும் கொண்டு வந்திருந்தார். அது அவளுக்குத் துல்லியமாக ஞாபகம் இருந்தது.

“நேசா,” என்றார் ரீச்சர் மறுபடி. நேசமலர் அடையாள அட்டையையும் பொலிஸ் பதிவுத் துண்டையும் எடுத்துக்கொண்டு ஓட்டோவில் ஏறினாள்.

பொலிஸ் வாசலில் றஞ்சிதம் செபமாலையோடு நின்றா. உள்ளே விட்டது ரீச்சரையும் நேசமலரையும் மட்டும். புளோறன்ஸ் சுவரோரம் கிடந்த ஒரு நீள வாங்கில் இருந்தாள். அழுது முடித்த முகம். பக்கத்தில் பெண் பொலிஸ் ஒருத்தி. மேசையில் பாக் கவிழ்க்கப்பட்டிருந்தது. வெள்ளை நெற்றுத் துணி, பின்னிக் கிடந்த வயர்கள், சிவப்புப் பற்றறிகள், திறந்த ரின்னுக்குள் பாதி உடைந்த பணியாரங்கள்.

அதிகாரி நடுத்தர வயது ஆள். களைத்துப்போயிருந்தார். ரீச்சர் முந்தி சிங்கள ஊரான குருநாகலில் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். நல்ல சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னார். அதிகாரி கேட்டுவிட்டு, இந்தப் பெண்ணும் இதையேதான் சொன்னாள், சொல்வது யாருக்கும் இலகு என்றார். பற்றறியை வாங்கியது யார் என்று கேட்டார்.

“மம,” என்றாள் நேசமலர். நான் என்று சொல்ல அவளுக்குத் தெரிந்த சிங்களம் அதற்குப் போதும். மிச்சத்தை ரீச்சர் எடுத்துச் சொன்னார். எந்தக் கடை, கடைக்காரர் பெயர், விழா எந்த மண்டபத்தில். அதிகாரி கடைக்குப் போன் எடுக்கச் சொல்லி ஒரு பொலிஸ் கொஸ்தாப்பை அனுப்பினார். பிறகு ஒரு கொடியை நேசமலரின் பக்கம் தள்ளி, எரியவை என்று கையால் காட்டினார்.

கூட்டுக்குள் பற்றறியைத் தள்ளுவதற்குள் அவளுடைய விரல்கள் வழுக்கின. எரிந்தது. அந்த மேசையில், அந்தக் கோப்புகளுக்கும் தொப்பிக்கும் நடுவில், அது எரிந்த விதம் யாருக்கும் சிரிப்பூட்டக்கூடியதுதான். அதிகாரி அதை அணைக்கச் சொல்லவில்லை. அப்படியே விட்டுவிட்டு நேசமலரின் அட்டையை வாங்கி ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு எழுதினார். ஊர், தகப்பன் பெயர், எப்போது வந்தாய், யாரோடு இருக்கிறாய். ரீச்சர் மொழிபெயர்த்தார். மஜீட் நானாவின் கடைக்குத் தொடர்பு கிடைக்க நேரம் எடுத்தது.

அதற்குள் லைற் மஞ்சளாயிற்று. நேசமலர் அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள். பெண் பொலிஸ் அதைக் கண்டு ஏதோ சொன்னாள். பிறகு அது சிவந்து, சுருங்கி, முதலில் ஓரத்தில் இருந்தவை போய், கடைசியில் எல்லாமே போயிற்று. அதிகாரி பேனையை வைத்தார். அணைந்த கொடியைத் தூக்கிப் பார்த்தார். முதல்முறையாக அவருடைய முகம் இளகியது. சிங்களத்தில் நீளமாக ஏதோ சொல்லிவிட்டுச் சிரித்தார். வாங்கில் இருந்த புளோறன்ஸ்கூட, அந்த நிலைமையிலும், மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒருமாதிரிச் சிரித்தாள்.

ரீச்சர் சிரிக்கவில்லை. நேசமலரின் பக்கம் திரும்பி, ஒவ்வொரு சொல்லாகத் தமிழில் சொன்னார்.

“இந்தப் பற்றறியாலை ஒருத்தரும் ஒண்டையும் வெடிக்க வைக்க ஏலாதாம். தன்ர மகளின்ர பொம்மைக்கும் இதைத் தான் வாங்கிறதில்லையாம். பாவம், அந்தப் பிள்ளையள் ஆடி முடிக்க முந்தி மண்டபம் இருட்டாப் போயிடுமாம். இதை ஆர் தெரிஞ்செடுத்ததெண்டு கேக்கிறார்.”

நேசமலர் மேசையின் ஓரத்தைப் பார்த்தாள்.

“போட்டுப் பாத்தனீர் எண்டு எனக்குச் சொன்னனீர்,” என்றார் ரீச்சர். இது அதிகாரியின் கேள்வி அல்ல.

நல்லகாலம், அந்த நேரம் கொஸ்தாப்பு வந்து கடைக்காரர் சரி சொல்கிறார் என்றான். அதிகாரி பெயர் விலாசங்களை எழுதிக் கையெழுத்து வாங்கினார். துணியையும் லைற்றையும் திருப்பித் தந்து, பற்றறிகளை மட்டும் வைத்துக்கொண்டார். இனி இப்படித் தனியாக ஒரு பெண் பிள்ளையிடம் கொடுத்து அனுப்பாதீர்கள் என்று ரீச்சரை ஏசினார். ரீச்சர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார்.

வெளியே வந்ததும் புளோறன்ஸ் தாயிடம் ஓடவில்லை. நேசமலரைக் கட்டிப்பிடித்தாள். “நேசாக்கா, ஜஃப்னா ஐடென்டிகாட்டோட நீங்க உள்ளுக்கு வந்தீங்களே,” என்று அவளுடைய தோளில் முகத்தை வைத்து அழுதாள். நேசமலரின் கைகள் இரண்டு பக்கமும் தொங்கின. தோளுக்கு மேலால் பார்த்தபோது ரீச்சர் ஓட்டோக்காரனோடு கதைத்துக்கொண்டிருந்தார், முதுகைக் காட்டிக்கொண்டு.

சனிக்கிழமை காலை ஒத்திகை. செட்டைகளைப் புளோறன்ஸும் தாயும் இரவிரவாகத் தைத்து முடித்திருந்தார்கள். ரீச்சர் நேரத்தோடு வந்து கறுப்பும் பொன்னுமான பற்றறிகளை ஒரு பையில் மேசையில் வைத்தார்.

“மஜீட்டிட்டைப் போனனான். ரெண்டு சாதியும் போட்டுப் பாக்கக் குடுத்துவிட்டதெண்டு சொன்னார்,” என்றார். நேசமலர் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ரீச்சர் பிள்ளைகளின் வருகையைக் குறிக்கத் தொடங்கிவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, “நீங்கள் கும்மியைப் பழக்குங்கோ. நேரம் போகுது,” என்றார்.

நீங்கள். ஒன்பது வருடத்தின் ‘நீர்’ அந்தக் காலையோடு போயிற்று. வெளியார் யாரும் கேட்டால் மரியாதை கூடியிருக்கிறது என்றுதான் நினைப்பார்கள்.

ஞாயிறு விழா நடந்தது. கும்மியைப் பிள்ளைகள் பிழையில்லாமல் ஆடினார்கள். பெற்றோர் கைதட்டினார்கள். பேச்சுகள் நீண்டன. சரியான நேரத்துக்குக் கரண்ட் போயிற்று. மண்டபம் ஓவென்றது, பிறகு அடங்கியது. அந்த அடக்கத்துக்குள் பன்னிரண்டு சோடிச் செட்டைகள் வந்தன. பிள்ளைகள் தெரியவில்லை, வெளிச்சம் மட்டும் குனிந்தது, எழும்பியது, சுற்றியது. பக்கத் திரைக்குள் நின்ற நேசமலர் திரையை விலக்கிப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அவ்வளவு அழகு. அந்த அழகைத் தான் அணைக்கப் பார்த்தது இப்போதுதான் முழுதாகத் தெரிந்தது. தெரிந்தும், இது என்னுடையதாக இருந்திருக்கக் கூடாதா என்ற நினைப்பும் கூடவே வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

முடிந்ததும் பெற்றோர் எல்லாரும் புளோறன்ஸைச் சுற்றிக்கொண்டார்கள். பொலிஸ் கதை அதற்குள் ஒழுங்கை முழுக்கப் பரவியிருந்தது. பெண்கள் அவளுடைய கையைப் பிடித்து வைத்துக்கொண்டு, பயந்திட்டியா பிள்ளை, அடிச்சவங்களோ, சாப்பிட்டியோ என்று கேட்டார்கள். ஒரு தாய் அவளுடைய கன்னத்தைத் தடவினா. நேசமலர் தூரத்தில் நின்று அதைப் பார்த்தாள். அந்த வாங்கில் இருந்த நேரத்துக்காகக்கூடத் தான் அவள்மேல் பொறாமைப்படுகிறேன் என்று விளங்கியபோது அவளுக்குத் தன்னைப் பற்றியே பயம் வந்தது. இதற்கு எல்லையே இல்லை. இன்று நிறுத்தாவிட்டால் நாளைக்கு அவளுடைய செத்தவீட்டுக் கூட்டத்தையும் எண்ணிப் பார்ப்பேன்.

மண்டபம் வெறிச்சானதும் இருவரும் மெழுகுதிரி வெளிச்சத்தில் செட்டைகளை அடுக்கினார்கள்.

“புளோறன்ஸ்,” என்றாள். “அந்தப் பற்றறி நிக்காதெண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் வாங்கினனான்.”

புளோறன்ஸ் சிரித்தாள். “எந்தப் பற்றறி?”

“சிவப்பு. உம்மட ஆட்டத்தின்ர பாதியிலை லைற்றெல்லாம் நூந்துபோக வேணும் எண்டு. தலையிடியும் பொய். எனக்கு உம்மோடை வர விருப்பமில்லை.”

புளோறன்ஸ் விளங்கிக்கொள்ளக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு அவளுடைய முகம் மாறியது. நேசமலர் அந்த முகத்தை ஒருநாளும் கண்டதில்லை. வாய் ஒருபக்கம் கோணி, கழுத்து நரம்பு எழும்பி, ஒரு சாதாரணக் கோபக்காரியின் முகம்.

“நான் அங்க இருந்த நேரம் எனக்கு என்ன செஞ்சிருப்பாங்க எண்டு உங்களுக்குத் தெரியுமா?” என்றாள் அடிக்குரலில். “என்ட அம்மா றோட்டில நிண்டா. உங்களக் கட்டிப் பிடிச்சு அழுதனே நான். எனக்கு அருவருப்பா இருக்குது.”

“ஓம்.”

“ஓம் எண்டு சொல்லாதீங்க. நான் உங்களுக்கு என்ன செஞ்சன்?”

நேசமலர் யோசித்தாள். உண்மையில் யோசித்தாள். “ஒண்டும் செய்யேல்லை. ரீச்சருக்கு உம்மிலை விருப்பம்.”

“அது என்ட பிழையா?”

“இல்லை.”

“அப்ப ஏன் பொலிசுக்கு வந்தீங்க?”

“ரீச்சர் வந்து கூப்பிட்டவா.”

“கூப்பிடாட்டி?”

“தெரியேல்லை புளோறன்ஸ். வந்திருப்பன் எண்டு சொல்ல விருப்பம்தான். தெரியேல்லை.”

புளோறன்ஸ் கையிலிருந்த செட்டையைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வாசலில் றஞ்சிதம் காத்திருந்தா. இருவரும் ஒன்றாக நடந்து போனது தெரிந்தது. நேசமலர் மிச்சச் செட்டைகளைத் தனியே அடுக்கினாள். அந்தக் கோணிய வாயை நினைத்தபோது நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கியது போலிருந்தது. அதற்கு என்ன பெயர் சொல்வதென்று தெரியவில்லை.

திங்கட்கிழமை அவள் வேலையை விடுகிற எண்ணத்தோடுதான் போனாள். புளோறன்ஸ் அவளுக்கு முன்னமே வந்து, பெட்டியைத் திறந்து, செட்டைகளிலிருந்து லைற்றுகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். வணக்கம் இல்லை, நேசாக்கா இல்லை. ரீச்சரிடம் சொல்லியிருக்கிறாளா என்று முகத்தைப் பார்த்து அறிய முடியவில்லை. நேசமலர் கதவடியில் நின்றாள்.

“பற்றறியக் கழட்டி வேறயா வையுங்க,” என்றாள் புளோறன்ஸ், தலையைத் தூக்காமல். “உள்ளுக்கு விட்டா கசிஞ்சு ஊத்தும்.” பெட்டியைக் காலால் அவள் பக்கம் தள்ளினாள்.

நேசமலர் கீழே அமர்ந்து முதல் கூட்டைத் திறந்தாள். மதியம் வரைக்கும் இருவரும் அந்த வேலையைச் செய்தார்கள். வேலையை விடுகிற பேச்சை நேசமலர் எடுக்கவில்லை.